பச்சை குத்தினால் பாவம், இறால் தின்றால்?

வாசகர் கேள்விகளுக்கு டீச்சர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பழைய ஏற்பாட்டுக் கட்டளைகளில் எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது? அதனால் பிள்ளைகளின் படிப்பு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஆயரம்மா இல்லை, இறையியல் பட்டமும் கிடையாது. பள்ளியில் தமிழும் ஞாயிறு பள்ளியில் வேதமும் நடத்தி ஓய்வு பெற்றவள். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: டீச்சர், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகன் பண்டிகைக்கு வந்தான். முழங்கைக்குக் கீழே சிலுவையும், அதன் அடியில் ‘சங்கீதம் 23’ என்றும் பச்சை குத்தியிருக்கிறான். லேவியராகமம் 19:28-ஐ எடுத்துக் காட்டினேன். “அப்படியே 11-ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கம்மா, இன்றைக்கு நம் வீட்டில் இறால் தொக்கு” என்கிறான். என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். இவன் வேதத்தை வைத்து விளையாடுகிறானா, இல்லை அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறதா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: நியாயம் இருக்கிறது. பையன் வேதத்தை வாசித்திருக்கிறான், அதற்கு முதலில் சந்தோஷப்படுங்கள்.

லேவியராகமம் 11-இன்படி தண்ணீரில் வாழ்பவற்றில் சிறகும் செதிலும் உள்ளதை மட்டும்தான் தின்னலாம். இறால், நண்டு, கணவாய் மூன்றும் போயிற்று. திருக்கையும் கெளுத்தியும் போயிற்று. தூத்துக்குடிக்காரர்களுக்கு மிச்சம் என்ன இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சரி, 19-ஆம் அதிகாரத்துக்கு வருவோம். பச்சை குத்தாதே என்ற வசனத்துக்கு ஒரு வசனம் முன்னால், தாடியின் ஓரத்தைக் கத்தரிக்காதே என்று இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் காலையில் சவரம் செய்துவிட்டுத்தான் சிரித்திருப்பார். இன்னும் கொஞ்சம் மேலே போனால், வயலில் இருவகை விதையைக் கலந்து விதைக்காதே என்கிறது. விளாத்திகுளம் பக்கத்தில் பருத்திக்கு ஊடே உளுந்து போடுகிற விசுவாசியை யாராவது சபையில் எழுப்பிக் கேட்டது உண்டா?

இதெல்லாம் பழங்கதை என்று அந்த அதிகாரத்தைத் தள்ளிவிடவும் முடியாது. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்காதே, முதியவருக்கு முன்பாக எழுந்திரு, அந்நியனை ஒடுக்காதே, அளவிலும் நிறையிலும் அநியாயம் செய்யாதே என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ‘உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக’ என்பதும் அதே அதிகாரத்தின் 18-ஆம் வசனம். தாடியும் உளுந்தும் அயலான்மேல் அன்பும் ஒரே பக்கத்தில் வருகின்றன. இது நிரந்தரம், இது தற்காலிகம் என்று மோசே ஓரத்தில் குறித்து வைக்கவில்லை.

அந்தக் குறிப்பை நம் ஆட்கள் பிற்பாடு எழுதினார்கள். 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்தை ஒழுக்கச் சட்டம், சடங்குச் சட்டம், நீதிமன்றச் சட்டம் என்று மூன்றாகப் பிரித்தார். ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களில் ஏழாவதும் இதே வழியில்தான் போகிறது: சடங்குகள் கிறிஸ்தவனைக் கட்டாது, அரசியல் சட்டங்களை நாடுகள் ஏற்றாக வேண்டியதில்லை, ஒழுக்கக் கட்டளைகளிலிருந்து மட்டும் யாருக்கும் விடுதலை இல்லை. தென்னிந்தியத் திருச்சபைக்காரர்களான நமக்கு அது பாட்டன் வீட்டுச் சொத்து மாதிரி. நல்ல உபாயம்தான், நானும் ஞாயிறு பள்ளியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் எது எந்தப் பெட்டியில் விழும் என்று கேட்டால் அங்கேதான் சிக்கல். ஓய்வுநாள் பத்துக் கட்டளைகளில் ஒன்று. அது ஒழுக்கமா, சடங்கா? பச்சை குத்துவது எந்தப் பெட்டி?

எல்லாவற்றையும் கைக்கொள்கிறோம் என்று சொல்கிறவரும் தெரிந்தெடுக்கத்தான் செய்கிறார். எண்ணாகமம் 15-இல் ஓய்வுநாளில் விறகு பொறுக்கிய ஒருவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். அந்தச் சட்டம் வேண்டும் என்று கேட்கிற ஒரு பாஸ்டரையும் நான் பார்த்ததில்லை. இயேசுவிடம் பிரதான கட்டளை எது என்று கேட்டபோது அவரும் எடுத்துத்தான் காட்டினார்: ஒன்று உபாகமம் 6-இலிருந்து, இன்னொன்று உங்கள் மகன் மாட்டிக்கொண்ட அதே லேவியராகமம் 19-இலிருந்து. முழு நியாயப்பிரமாணமும் இந்த இரண்டிலும் அடங்கியிருக்கிறது என்றார். ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்களே என்று பரிசேயரைத் திட்டினார். சீரகத்தை விடு என்று அவர் சொல்லவில்லை. எது பெரியது என்று சொன்னார்.

ஆக, தெரிந்தெடுப்பது குற்றமில்லை. எதைத் தெரிந்தெடுக்கிறோம் என்பதில்தான் நம் குட்டு உடைகிறது. நான் பார்த்தவரை, அடுத்தவருக்குச் செலவு வைக்கிற கட்டளைகள் எல்லாம் நமக்கு நித்தியக் கட்டளைகள். பையனின் கை, பெண்ணின் உடை, மருமகளின் தீட்டு இவை அந்த வகை. நம் பணப்பையில் கை வைக்கிற கட்டளை என்றால் உடனே ‘அது அந்தக் காலத்து யூதருக்கு’ என்றாகிவிடும்.

பச்சை விஷயத்துக்கு வருகிறேன். அந்த வசனம் ‘செத்தவனுக்காக’ உடலைக் கீறுவதில்தான் தொடங்குகிறது. சுற்றியிருந்த ஜனங்களின் துக்கச் சடங்குகளோடும் வழிபாட்டோடும் சேர்த்துத்தான் பல அறிஞர்கள் இதை வாசிக்கிறார்கள். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் வலது மணிக்கட்டில் சிலுவையைப் பச்சை குத்திக்கொள்வது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். அவ்வளவு தூரம் ஏன், நம் பாட்டிமார் கையில் கோலம் கோலமாகப் பச்சை இருந்ததே. அந்தக் கையால்தான் அவர்கள் திருவிருந்து வாங்கினார்கள்.

எனக்கும் அந்த மை பிடிக்காது. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மோசேயைச் சாட்சிக்கு இழுக்க மாட்டேன். மகனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஊசி புதிதா? அதைக் கேட்டுவிட்டு இறால் தொக்கைப் பரிமாறுங்கள்.

*

கேள்வி: கிறிஸ்தவன் பன்றி இறைச்சி தின்னலாம் என்றால், ஆட்டு ரத்தப் பொரியலும் தின்னலாம்தானே?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: இது பொல்லாத கேள்வி. ஏனென்றால் பன்றிக்கு, ‘தேவன் சுத்தமாக்கினதைத் தீட்டாக எண்ணாதே’ என்று யோப்பாவில் பேதுரு கண்ட தரிசனம் இருக்கிறது, ரத்தத்துக்கு அப்படி எதுவும் இல்லை. அப்போஸ்தலர் 15-இல் எருசலேமில் கூடி, யூதரல்லாத விசுவாசிகளுக்கு விருத்தசேதனம் வேண்டாம் என்று தீர்த்தபோது நான்கை மட்டும் விலக்கச் சொன்னார்கள்: விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம். அதாவது புதிய ஏற்பாடு பெயர் சொல்லி வைத்துக்கொண்ட உணவுக் கட்டளைகளில் ஒன்று இரத்தம். அதைத்தான் நாம் வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டு வதக்குகிறோம்.

ஒவ்வொரு ஊர் ஜெப ஆலயத்திலும் மோசேயின் சட்டம் வாசிக்கப்படுகிறது என்று அந்தக் கூட்டத்தில் எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபு காரணம் சொன்னார். யூத விசுவாசியும் மற்றவரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டியிருந்தது. அந்தப் பந்தி மறைந்தபோது மேற்கே கட்டளையும் தளர்ந்தது. கி.பி. 400-ஐ ஒட்டி, சபைப் பிதாக்களில் ஒருவரான ஆகஸ்டின், கழுத்தில் அடித்துக் கொன்ற முயலைத் தின்னத் தயங்குகிறவனைப் பார்த்து மற்ற கிறிஸ்தவர்கள் சிரிப்பார்கள் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். கிழக்கத்தியச் சபைகளில் விலக்கு தொடர்ந்தது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையார் இன்றைக்கும் பன்றியைத் தொடுவதில்லை.

நான் தின்பதில்லை. காரணம் வேதம் அல்ல, அதன் வாடை. நீங்கள் தின்றால் உங்களோடு ஒரே பந்தியில் உட்காருவேன்.

*

கேள்வி: தனியார் கம்பெனியில் வேலை. வீட்டுக்கடன், பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் போய் மாதக் கடைசியில் கை காய்ந்துவிடும். எங்கள் பாஸ்டர், பி.எஃப். பிடிப்பதற்கு முன்னால் உள்ள மொத்தச் சம்பளத்தில் தசமபாகம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தேவனை வஞ்சிக்கிறாய் என்கிறார். மல்கியா 3 வாசிக்கும்போது என்னையே பார்க்கிறார்.
- ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: மல்கியா வாசித்து முடித்ததும் உபாகமம் 14-ஐயும் வாசிக்கச் சொல்லுங்கள். பத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு, கர்த்தர் தெரிந்துகொண்ட இடத்துக்குக் குடும்பத்தோடு போய், அவருக்கு முன்பாக நீங்களே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்கிறது அது. தூரம் அதிகம் என்றால் விளைச்சலை விற்றுப் பணமாக்கிக்கொண்டு போகலாம். அங்கே ஆடு, மாடு, திராட்சரசம், மதுபானம் என்று மனம் விரும்பியதை வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. மதுபானத்தைப் பார்த்ததும் பிரசங்கிமார் இந்த வசனத்தைத் தாண்டி ஓடிவிடுவார்கள். மூன்றாம் வருஷத்துப் பத்தில் ஒன்று ஊரிலேயே இருக்க வேண்டும்: லேவியன் (ஆலயப் பணிக்கென்று பிரிக்கப்பட்ட கோத்திரத்தான்), பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோர் வயிறாரச் சாப்பிட.

எண்ணாகமம் 18-இல்தான் தசமபாகம் லேவியருக்குப் போகிறது. காரணமும் சொல்லியிருக்கிறது: அவர்களுக்கு நிலம் இல்லை. வாங்கிய லேவியரும் அதில் பத்தில் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று அங்கேயே இருக்கிறது. உங்கள் பாஸ்டரிடம் இதைக் கேட்கும்போது கொஞ்சம் மரியாதையாகக் கேளுங்கள்.

இதெல்லாம் தானியம், திராட்சரசம், எண்ணெய், மந்தை இவற்றின் மேல் போட்டது. ஆலயமும் ஆசாரியரும் நிலமில்லாத ஒரு கோத்திரமும் இருந்த நாட்டின் ஏற்பாடு. கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிந்தது. அந்த முழு ஏற்பாட்டிலிருந்து ‘பத்து சதவீதம்’ என்ற எண்ணை மட்டும் உருவி எடுத்து, பி.எஃப். பிடித்தத்துக்கு முன்னாலா பின்னாலா என்று வழக்காடுவது எனக்கு ஒட்டவில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது சதவீதம் சொல்லவில்லை. அவனவன் தன் மனதில் நியமித்தபடி, விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்றார்.

கொடுக்காமல் தப்பிக்க இதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஆயர் சம்பளமும் ஆலயத்து மின்கட்டணமும் யாராவது கொடுத்தால்தான் நடக்கும். எங்கள் பக்கத்துப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து ஆலயத்துக்குக் கொடுப்பார்கள். அவர்களை யாரும் முறைத்துப் பார்த்து வாங்கவில்லை. முடிந்ததைக் கொடுங்கள், அதில் ஒரு பங்கு உங்கள் தெருவிலுள்ள ஒரு விதவைக்கு நேராகப் போகட்டும்.

*

கேள்வி: சனிக்கிழமைதான் உண்மையான ஓய்வுநாள் என்று உறவினர் ஒருவர் விடாமல் சொல்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.
- ஒரு வாசகர், நாசரேத்

பதில்: நாசரேத்திலிருந்தா இந்தக் கேள்வி! உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பதில் கிடக்கிறதே. அருமைநாயகம் என்கிற சட்டாம்பிள்ளை, நாசரேத் மிஷனெரியோடு மோதி வெளியேறி, 1857-இல் பிரகாசபுரம் மூக்குப்பீறியில் தனிச் சபையே கண்டார். சனிக்கிழமை ஓய்வு, தூபம், முதற்பலன், தரையில் விழுந்து வணங்குதல் என்று மோசேயின் முறைகளைத் திரும்பக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கங்களில் பாதி வேதத்தில் இல்லை, ஐரோப்பாவில் இருந்து வந்தவை. எபிரெயருடைய வழக்கங்களோ நம் வழக்கங்களுக்கு எவ்வளவோ நெருக்கம் என்பது அவர் வாதம். ஞானஸ்நானம் வாங்கினால் பழக்கவழக்கத்தையும் துரையிடம் இரவல் வாங்க வேண்டுமா என்று அன்றைக்கு ஒருவர் கேட்டது சின்னக் காரியம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செவன்த் டே அட்வென்டிஸ்ட் ஊழியர்கள் பிரகாசபுரத்துக்கு வந்ததற்கும், அங்கே ஏற்கெனவே சனிக்கிழமை ஆசரித்தவர்கள் இருந்ததே காரணம்.

ஆனால் சட்டாம்பிள்ளையின் ஏற்பாட்டில் பெண்களின் தீட்டு விதிகளும் கூடவே வந்தன. அங்கே நான் அவரோடு போக மாட்டேன்.

உங்கள் உறவினர் சொல்வதில் சரித்திரம் சரி. ஓய்வுநாள் என்றால் ஏழாம் நாள், அது சனிதான். உயிர்த்தெழுந்த நாள் என்று விசுவாசிகள் முதலிலிருந்தே ஞாயிறு கூடினார்கள். கி.பி. 321-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதை அரசாங்க ஓய்வு நாளாக்கினார். நாளை முன்னிட்டுச் சண்டை வேண்டாம், ‘அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்’ என்று ரோமர் 14-இல் இருக்கிறது. நான் அவரிடம் வேறொன்று கேட்பேன், ஞாயிறுகாரர்களிடமும் கேட்பேன். உன்னைப்போல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்று உபாகமம் 5 சொல்கிறது. உங்கள் ஓய்வுநாளில் பாத்திரம் துலக்குகிற அம்மாவுக்கு லீவு உண்டா? ஆராதனை முடிந்து வந்து பிரியாணி சாப்பிடுகிறோமே, அதைச் செய்கிறவர் எப்போது இளைப்பாறினார்?

*

கேள்வி: நான் பாடகர் குழுவில் இருக்கிறேன். பயிற்சிக்கு ஜீன்ஸ் போட்டுப் போனதற்கு, ஒரு கமிட்டி உறுப்பினர் உபாகமம் 22:5 சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.
- ஒரு கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: ‘புருஷரின் உடைகளை ஸ்திரீகள் தரிக்கலாகாது’ என்பது அந்த வசனம். மோசே காலத்தில் ஆணும் பேன்ட் போடவில்லை என்பது இருக்கட்டும். கணுக்கால்வரை தொங்கும் வெள்ளை அங்கியோடு ஆயர் பீடத்தில் நிற்கும்போது, அது யாருடைய உடை என்று யாரும் கேட்பதில்லை.

அதே அதிகாரத்தில் மூன்று வசனம் தள்ளி, புதுவீடு கட்டினால் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒருவன் விழுந்து இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கட்டளை இது. உங்கள் சேகரத்து மண்டபத்தின் மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள், பண்டிகை நாளில் பிள்ளைகள் ஏறி ஓடுகிற இடத்தில் சுவர் இருக்கிறதா என்று. இல்லாவிட்டால் கமிட்டிக்கு ஒரு மனு எழுதுங்கள், வசன எண்ணோடு.

பயிற்சிக்கு இந்த உடை என்று குழுவுக்கு ஒரு விதி இருந்தால் அதற்குக் கீழ்ப்படியுங்கள், அது வேறு. பையன்களுக்கும் அந்த விதி இருக்கட்டும்.

*

கேள்வி: (பெயரும் ஊரும் வேண்டாம்.) என் மகன் தனக்குப் பெண்கள்மேல் ஈர்ப்பு இல்லை, ஆண்கள்மேல்தான் என்று சொல்லிவிட்டான். அவன் அப்பா லேவியராகமம் 18-ஐக் காட்டி வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் வாசித்தேன். இருபதாம் அதிகாரத்தில் அதற்கு மரணதண்டனை சொல்லியிருக்கிறது. உங்கள் கணவர் அதைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார். அப்படியென்றால் அவரும் அந்தச் சட்டத்தில் ஒரு பகுதியை ஏற்கெனவே விட்டுவிட்டார். அதை அவருக்கு மெதுவாகச் சொல்லுங்கள்.

பவுலின் நிருபங்களிலும் இதுபற்றி வருகிறது. அவற்றை எப்படி வாசிப்பது என்பதில் சபைகளே இன்று பிளவுபட்டு நிற்கின்றன. உங்கள் வீட்டில் அந்த வழக்கு முடிவதற்குள் பையன் தெருவுக்குப் போய்விடக் கூடாது. பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்து என்று அந்த 18-ஆம் அதிகாரத்தில் எந்த வசனமும் இல்லை. அவன் தட்டு அவன் இடத்தில் இருக்கட்டும். அவன் தனியாக உட்கார்ந்து எதையும் செய்துகொள்ளாதபடி பக்கத்தில் இருங்கள். நம்பிக்கையான ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், அவனை மாற்ற அல்ல, நீங்கள் மூவரும் பேசிக்கொள்ள. ‘மாற்றிவிடுகிறோம்’ என்று யாராவது ஜெபக்கூட்டத்துக்கு அழைத்தால் போகாதீர்கள்.

*

கேள்வி: விட்டதையெல்லாம் விட்டாயிற்று. திரும்ப எடுக்க வேண்டிய கட்டளை ஏதாவது இருக்கிறதா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: வட்டி. யாத்திராகமம் 22, லேவியராகமம் 25, உபாகமம் 23 என்று மூன்று இடத்தில் தடை இருக்கிறது. பன்றிக்கு இரண்டு இடம்தான். சகோதரனிடம் வட்டி வாங்கிய பெருந்தலைகளை யூதாவின் அதிபதி நெகேமியா சபை கூட்டிக் கண்டித்து, நிலத்தையும் வீட்டையும் திருப்பிக் கொடுக்க வைத்தார். நம் ஊரில் ஐந்து வட்டிக்கும் பத்து வட்டிக்கும் விடுகிறவர் ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டு ஏந்துகிறார். அதீத வட்டியைத் தடுக்க 2003-இல் அரசாங்கமே சட்டம் போட வேண்டியிருந்தது. தொழிலுக்கு முதல் கொடுத்து மிதமாக வட்டி வாங்குவது வேறு, ஏழையின் அவசரத்தில் வட்டி வாங்குவது வேறு என்று சீர்திருத்தவாதி கால்வின் பிரித்தார், அதை ஒப்புக்கொள்கிறேன். கந்துவட்டி எந்தப் பிரிவிலும் அடங்காது.

இன்னொன்று வரதட்சணை. யாத்திராகமம் 22-இல் பரிசப்பணம் கொடுப்பது மாப்பிள்ளை. ராகேலுக்காக யாக்கோபு ஏழு வருஷம் ஆடு மேய்த்தான், ஏமாந்து இன்னும் ஏழு வருஷமும் மேய்த்தான். நம் சபைகளில் பணம் எதிர்த் திசையில் போகிறது. பழைய ஏற்பாட்டு முறைப்படிதான் திருமணம் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், பெண்ணைப் பெற்றவர்கள் தாராளமாகச் சம்மதிக்கலாம்.

*

கேள்வி: மருமகளுக்கு ஆண் குழந்தை பிறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. கிறிஸ்மஸ் ஆராதனைக்கு வர ஆசைப்படுகிறாள். நாற்பது நாள் ஆகாமல் ஆலயத்துக்குள் நுழையக் கூடாது, லேவியராகமம் 12 என்கிறார் என் மாமியார். அவரே தினமும் பால் சுறா வாங்கிப் புட்டு செய்து மருமகளுக்கு ஊட்டுகிறார்.
- ஒரு வாசகி, சாயர்புரம்

பதில்: ஆண் பிள்ளைக்கு நாற்பது நாள், பெண் பிள்ளைக்கு எண்பது நாள் என்பது அந்த அதிகாரம். கொள்ளுப்பேத்தி பிறந்திருந்தால் எண்பது என்று நின்றிருப்பாரா என்று கேளுங்கள். சுறாவை யூதர்கள் தின்ன மாட்டார்கள், அவர்கள் கணக்கில் அதற்குச் செதில் இல்லை. 12-ஆம் அதிகாரத்தைக் கைக்கொள்கிற பாட்டி 11-ஆம் அதிகாரத்தைப் புட்டாக்கிவிட்டார். ஆனால் பால் ஊற வேண்டுமே என்று அடுப்பில் நிற்கிறவரோடு வாதாடாதீர்கள், புட்டு தொடரட்டும்.

பிரசவமான பெண் ஓய்வெடுக்கட்டும் என்று அந்த நாட்களைப் பார்த்தால் நல்லதுதான், தீட்டு என்று பார்க்க நமக்குக் காரணம் இல்லை. பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள (ரத்தப்போக்கு நிற்காத) பெண் தொட்டபோது இயேசு தீட்டு பார்க்கவில்லை. டாக்டர் சரி என்றால் கூட்டிக்கொண்டு போங்கள். கூட்டம் அதிகம், பிள்ளைக்கு இருமல் சளி ஒட்டாமல் கடைசி வரிசையில் உட்காருங்கள். நடுவில் பால் கொடுக்க எழுந்து போகவும் அதுதான் வசதி.